திண்ணை வைத்த கோழிக்கூடு: பழைய சென்னை ஓட்டு வீட்டுப் பாணியில் கட்டும் முறை

எங்கள் ஆயா வீடு செங்கல்பட்டுப் பக்கம். தெருத்திண்ணைக்கு அடியில் ஒரு பொந்து இருக்கும், அதுதான் கோழிக்கூடு. பொழுது சாய்ந்ததும் ஆயா 'பா... பா...' என்று கூப்பிட்டுக் கோழிகளை உள்ளே அடைத்து, வாயில் ஒரு பலகைக் கல்லைச் சாத்தி, முட்டுக்கு அம்மிக் குழவியை வைப்பார். மேலே தாத்தா தூங்குவார், கீழே கோழிகள் தூங்கும். வில்லிவாக்கத்தில் என் வீட்டுப் பின்புறம் ஆறு கோழிக்கு இடம் பண்ண நினைத்தபோது, கடையில் விற்கிற தகரக் கூண்டு எதைப் பார்த்தாலும் அந்தத் திண்ணைதான் கண்ணில் நின்றது. சரி, திண்ணையோடு கட்டிவிடுவோம் என்று இறங்கிவிட்டேன்.

கட்டக் கட்டத்தான் ஒன்று பிடிபட்டது. ஓட்டு வீட்டில் திண்ணை உயரமாக இருப்பது வெள்ளத்துக்கு, தாழ்வாரம் தாழ்ந்திருப்பது வெயிலுக்கும் சாரலுக்கும், மரத்தூணுக்கு அடியில் கல் இருப்பது கரையானுக்கு. சென்னையில் கோழி வளர்ப்பவருக்கும் தொல்லை இந்த மூன்றுதான். ஆகவே பாணியை ஒழுங்காகப் பின்பற்றினால் கூடு பாதி தானாகவே சரியாக அமைந்துவிடும். தூணையும் ஓட்டையும் பார்வைக்கு மட்டும் ஒட்டவைத்தால் கோழிதான் கஷ்டப்படும்.

எந்தக் காலத்து வீடு?

முதலில் இதை முடிவு செய்யுங்கள். சென்னைப் பழமை என்றதும் பலருக்கும் உயர்நீதிமன்றமும் (1892) சேப்பாக்கம் சேனட் ஹவுஸும் நினைவுக்கு வரும். சிவப்புச் செங்கல், குவிமாடம், வளைவு எல்லாம் படத்தில் நன்றாக இருக்கும். ஆனால் கோழிக்கூட்டின் மேல் வைக்கிற ஃபைபர் குவிமாடம் மே மாத மதியத்தில் அடுப்பாகிவிடும். எனக்கு அது வேண்டாம் என்று பட்டது.

மயிலாப்பூர், திருவல்லிக்கேணித் தெருக்களில் இன்னும் மிச்சமிருக்கும் ஓட்டு வீடுதான் நான் எடுத்துக்கொண்ட மாதிரி. அதிலும் இரண்டு காலம் உண்டு. குயவர் சக்கரத்தில் வனைந்து பிளந்த அரைவட்ட நாட்டு ஓடு பழையது. தட்டையாக, ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொள்ளும் மங்களூர் ஓடு பின்னால் வந்தது. பாசல் மிஷன் என்ற கிறித்தவச் சபைக்காரர்கள் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கியது 1865-ல். நாட்டு ஓடுதான் அழகு என்று எனக்கும் ஆசை. ஆனால் பூனை நடந்தாலே அது நகரும், அதைப் பிரித்து அடுக்கத் தெரிந்தவரும் இப்போது சுலபத்தில் கிடைப்பதில்லை. மங்களூர் ஓட்டுக்கே போங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முட்டுக்காடு தக்ஷிணசித்ராவுக்குப் போய்வருவது நல்லது. 1996-ல் திறந்த இடம். ஊர்களில் இடிபட இருந்த வீடுகளைப் பிரித்து எடுத்துவந்து அங்கே திரும்பக் கட்டியிருக்கிறார்கள். திண்ணையின் உயரத்தையும், தூணுக்கும் தூணுக்கும் இடைவெளியையும், தாழ்வாரம் எவ்வளவு வெளியே நீள்கிறது என்பதையும் கையால் அளந்து பாருங்கள். நான் சாண் கணக்கில் எழுதிக்கொண்டு வந்து, எல்லாவற்றையும் ஏறக்குறைய பாதியாக்கினேன். திண்ணை உயரத்தை மட்டும் குறைக்கவில்லை.

இடம், திசை, அளவு

உள்ளே கோழி ஒன்றுக்கு 4 சதுர அடி, வெளியே மேய 10 சதுர அடி வேண்டும். ஆறு கோழிக்கு 6 அடிக்கு 4 அடி அறையும், 10 அடிக்கு 6 அடி முற்றமும் போதும்.

அறையின் நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்கட்டும். மேற்கு வெயில் குறுகிய சுவரில் மட்டும் விழும், தெற்கும் வடக்கும் காற்றுக்குத் திறந்திருக்கும். திண்ணையைத் தெற்கில் வையுங்கள். சென்னையின் பெருமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்கிலிருந்து அடிக்கிறது. வடக்குப் பக்கம் திண்ணை வைத்தால் மழைக்காலம் முழுக்க அது ஊறிக்கிடக்கும்.

பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டிக் கட்டாதீர்கள், மூன்றடியாவது தள்ளிக் கட்டுங்கள். தொடங்கும் முன் அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், உங்கள் பகுதி உள்ளாட்சி அலுவலகத்திலும் கேட்டுவிடுங்கள். பக்கத்து வீட்டு அக்கா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "சேவல் வெப்பியா?" இல்லை என்றேன். முட்டையிடப் பெட்டைக்குச் சேவல் தேவையில்லை, குஞ்சு பொரிக்கத்தான் வேண்டும். அக்காவுக்கு வாரம் நாலு முட்டை என்று ஒப்பந்தம்.

அடித்தளமும் திண்ணையும்

2015 டிசம்பர் வெள்ளம் நின்ற கறை எங்கள் பின்சுவரில் இன்னும் மங்கலாகத் தெரிகிறது. தரையிலிருந்து ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதற்கு மேலே வரும்படி அறையின் தரையை 20 அங்குலத்தில் வைத்தேன். உங்கள் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று பழைய ஆட்களைக் கேட்டு அதற்கேற்ப வையுங்கள்.

ஒன்றரை அடி ஆழம் தோண்டி, கருங்கல் ஜல்லி போட்டு, செங்கல் சுவர் எழுப்பி, உள்ளே செம்மண்ணும் உடைசலும் கொட்டி திமிசுக்கட்டையால் நன்றாக இடித்து இறுக்குங்கள். மேலே 3 அங்குலம் கான்கிரீட். பெருச்சாளி மண்ணைக் குடைந்து வரும், கான்கிரீட்டைக் குடையாது. திண்ணை தெற்குப் பக்கம் முழுநீளத்துக்கும் ஒன்றரை அடி அகலம், 18 அங்குல உயரம். நாமும் உட்காரலாம். ஆயா வீட்டுப் பொந்தை மட்டும் நான் வைக்கவில்லை. கை விட்டுக் கழுவ முடியாத இடம் கோழிக்கு ஆகாது, பாம்புக்கும் வசதியாகிவிடும்.

தரைக்குப் பழைய வீடுகளின் ரெட் ஆக்சைடு பூச்சுதான். சிமெண்டோடு கலந்து இழைத்துத் தேய்த்தால் வழவழவென்று வரும், எச்சம் ஒட்டாது. கதவுப் பக்கம் ஓர் அங்குலம் சரிவு கொடுங்கள். பதினைந்து நாளாவது ஈரத்தில் வைத்து ஆறவிடுங்கள். அறைக்குள் அதன் மேல் 3, 4 அங்குலம் உமியோ கடலைத்தோலோ போடப்போகிறோம் என்பதால் உள்ளே பளபளப்புக்கு மெனக்கெட வேண்டாம், திண்ணையில் மெனக்கெடுங்கள்.

சுவர், கிராதி, மாடம்

நாலு மூலையிலும் 9 அங்குலச் செங்கல் தூண். மேற்குச் சுவர் முழுவதும் செங்கல், 5 அடி. தெற்கில் 2 அடியும் வடக்கில் 3 அடியும் செங்கல், அதற்கு மேல் மரக்கிராதி. கிழக்கில் நாம் குனிந்து நுழைய 2 அடிக்கு 4 அடியில் ஒரு கதவு. தெற்குச் சுவரில் கோழி வந்துபோக ஓரடி அகலத்தில் ஒரு சின்ன வாசல், அதற்கு நிலையும் படியும் வைத்தேன். நிலைப்படிக்கு மஞ்சள் பூசலாமா என்று வீட்டில் ஒரு விவாதம் நடந்தது, பூசினோம்.

கிராதிக்குப் பின்னால் அரை அங்குலக் கட்டம் உள்ள வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பி வலை) அடியுங்கள். மண்ணடி, பாரிமுனைப் பக்கத்து இரும்புக் கடைகளில் சுருளாகக் கிடைக்கும். கடைக்காரர் கோழி வலை என்று ஆறு மூலைக் கட்ட வலை ஒன்றைக் காட்டுவார், வாங்காதீர்கள். அது கோழியை உள்ளே நிறுத்தும், நாயை வெளியே நிறுத்தாது. மெஷ் உள்பக்கம் இருக்கட்டும், கிராதியோடு ஒட்டி இருக்கட்டும். நடுவில் விரல் நுழைகிற சந்து இருந்தால், பகலில் அதில் ஒளிந்து இரவில் கோழியின் ரத்தம் குடிக்கிற செந்நிற உண்ணி குடியேறிவிடும்.

முட்டைப் பெட்டிக்குப் பழைய வீட்டிலேயே ஒரு வடிவம் இருக்கிறது: விளக்கு வைக்கிற மாடக்குழி. வடக்குச் சுவரில், தரையிலிருந்து ஒன்றேகால் அடி உயரத்தில், மூன்று மாடங்கள். ஒவ்வொன்றும் 12 அங்குல அகலம், 14 அங்குல உயரம், 12 அங்குல ஆழம், மேல் முனை வளைவாக. சுவர் நாலரை அங்குலம்தான் என்பதால் மிச்ச ஆழம் வெளியே துருத்தும். அதற்கு அடியிலும் நடுவிலும் கடப்பாக் கல் கொடுத்தால் தீர்ந்தது. சமையலறை அலமாரிக்குப் போடுகிற அதே கல்தான். பின்னால் கீல் போட்ட பலகை மூடி, முட்டையை வெளியே இருந்தே எடுத்துக்கொள்ளலாம். உள்பக்கம் வாயில் 4 அங்குலத் தடுப்பு வையுங்கள், இல்லாவிட்டால் வைக்கோலைக் கீறி வெளியே தள்ளிவிடும்.

கணக்குப்படி ஆறு கோழிக்கு இரண்டு மாடமே போதும். வரிசையாக மூன்று இருந்தால் லட்சணம் என்று மூன்று கட்டினேன். ஆறும் நடு மாடத்துக்குத்தான் வரிசையில் நிற்கின்றன.

உட்கார ஒரு வேப்பங்கழி, இரண்டு அங்குலப் பருமன், இரண்டரை அடி உயரம். கோழிக்கு 10 அங்குலம் வீதம் 5 அடி வேண்டும், 6 அடி அறைக்குக் கச்சிதம். கழி மாடத்தைவிட உயரமாக இருக்க வேண்டும். கோழி எங்கே உயரமோ அங்கேதான் தூங்கும். மாடம் உயரமானால் முட்டைமேல் எச்சம்தான்.

கூரை

இங்கேதான் அவசரப்படக் கூடாது. நிலைச்சுவர் மட்டத்திலிருந்து ஓரடிக்கு 7 அங்குலம் என்று முகடு உயர வேண்டும், ஏறக்குறைய 30 பாகைச் சரிவு. அதற்குக் குறைந்தால் வடகிழக்கு மழை ஓட்டுக்கு அடியில் ஏறிவிடும். தெற்கில் சுவரிலிருந்து, திண்ணையையும் மூடும்படி, இரண்டரை அடியும், வடக்கில் ஒன்றரை அடியும், இரண்டு பக்கவாட்டிலும் ஓரடி ஓரடியும் கூரை வெளியே நீளட்டும். மொத்தம் 74 சதுர அடி வரும். சதுர அடிக்கு ஒன்றரை ஓடு, ஆக 111. உடைசலுக்கும் சேர்த்து 125 வாங்குங்கள். ஓடு ஒன்று இரண்டு, இரண்டரை கிலோ இருக்கும். மழையில் நனைந்தால் இன்னும் கனக்கும்.

"ஏன் தம்பி, கோழிக்கா இம்மாம் பெரிய உத்தரம்?" என்று ஆசாரி சிரித்தார்.

"ஓடே கால் டன்னுக்கு மேல வருதுண்ணே."

அவர் மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டுவிட்டு, நான் சொன்னதைவிடப் பெரிய மரத்தை எடுத்தார்.

வைரம் பாய்ந்த பனஞ்சட்டம் கிடைத்தால் அதற்கு ஈடே இல்லை, பழைய வீடுகளின் கைமரம் அதுதான். கிடைக்காவிட்டால் வேம்பு. இரண்டடிக்கு ஒரு சட்டம், அதன்மேல் குறுக்கே ரீப்பர், அதாவது ஓட்டைக் கொக்கி மாட்டும் மெல்லிய மரப்பட்டி. ரீப்பர் இடைவெளியை யாரிடமும் கேட்காதீர்கள். வாங்கிவந்த ஓட்டில் இரண்டைக் கொக்கி மாட்டித் தரையில் வைத்து, மூக்குக்கு மூக்கு அளந்துகொள்ளுங்கள். 12லிருந்து 13 அங்குலத்துக்குள் வரும், ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அரை அங்குலம் பிசகினாலும் மேல் வரிசைக்குப் போவதற்குள் ஓடு உட்காராது.

சட்டத்துக்கு மேல், ரீப்பருக்குக் கீழ், கூரை முழுக்க வெல்டு மெஷ் விரிக்க வேண்டும். நான் முதலில் இதைச் செய்யவில்லை. ஓட்டுக்கு மேல் என்ன வரப்போகிறது என்று நினைத்தேன். கோழி விட்ட மூன்றாவது வாரம், காலையில் போய்ப் பார்த்தால் வடக்கு ஓரத்தில் இரண்டு ஓடு ஒதுங்கியிருந்தது. உள்ளே ஐந்துதான். இறகுகூடப் பெரிதாக இல்லை. மரநாய் வேலை. சென்னையில் மரநாயா என்று கேட்பவர்கள் ஒரு ராத்திரி பழைய மாமரம் உள்ள தெருவில் மேலே பார்த்துக்கொண்டு நடக்கட்டும். அப்புறம் மொத்தக் கூரையையும் பிரித்து மெஷ் போட்டேன். இரண்டு வேலை, இரண்டு கூலி.

மூன்று விஷயம் இன்னும் பாக்கி. ஓர வரிசை ஓடுகளையும் கடைசி வரிசையையும் ஜி.ஐ. கம்பியால் ரீப்பரோடு கட்டுங்கள், முகட்டு ஓட்டைச் சாந்து வைத்துப் பதியுங்கள். உத்தரத்தைச் செங்கல் தூணோடு இரும்புப் பட்டை போட்டு முடுக்குங்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் இந்த ஊரில் மரங்களை என்ன செய்தது என்று பார்த்தவர்களுக்கு ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. கிழக்கிலும் மேற்கிலும் முகட்டுக்குக் கீழே வரும் முக்கோணத்தைச் செங்கலால் அடைக்காமல் மெஷ் மட்டும் போடுங்கள். உள்ளே ஏறுகிற சூடு அந்த வழியாகத்தான் வெளியேறும். கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். 2003 மே 31 அன்று 45 பாகை செல்சியஸைத் தொட்ட ஊர் இது.

நடுவில் ஒரு கண்ணாடி ஓடு. காலையில் அதன் வழியாக ஒரு சதுர வெளிச்சம் உமியில் விழுந்து மெல்ல நகரும், ஒரு கோழி அதோடு கூடவே நகர்ந்து படுக்கும். இரண்டு ஓடு வைக்க ஆசைப்படாதீர்கள், கோடையில் சூடாகிவிடும்.

தாழ்வாரத்தின் நுனி தரையிலிருந்து ஐந்தடிதான் வரும். முதல் வாரம் நாலு தடவை நெற்றியில் இடித்துக்கொண்டேன். பழைய வீட்டுக்குள் எல்லாரும் குனிந்துதான் நுழைவார்கள், பழகிவிடும்.

தூண்கள்

முழு அளவு காரைக்குடித் தூணை இங்கே நிறுத்தினால் கோழி வீடு குடை பிடித்த மாதிரி ஆகிவிடும். வேண்டியது நாலடி உயரத்தில் நாலு தூண். இடிக்கிற வீட்டுச் சாமான் விற்கும் கடையில் மாடிப்படிக் கைப்பிடிக் கட்டையைத் தேடிப் போனேன். மூலையில் கொசுவலைக் கட்டில் ஒன்று கழற்றிக் கிடந்தது, நாலு கால், கடைசல் வேலைப்பாட்டோடு, உச்சியில் குமிழ். நாலு கால், நாலு தூண்! கால் நீளம் கொஞ்சம் கூட, அடியில் அறுத்துக்கொண்டோம்.

பழைய மரத்தில் பச்சை பெயிண்ட் ஏழெட்டுப் பூச்சு இருக்கும். அதில் ஈயம் கலந்திருக்கலாம், கோழி எதையும் கொத்திப் பார்க்கும். முகமூடி போட்டுக்கொண்டு, கொல்லையில் சாக்கு விரித்து, ஈரமாக்கிச் சுரண்டி, தூளைச் சேர்த்துக் கட்டி அப்புறப்படுத்துங்கள். உலர வைத்துத் தேய்க்காதீர்கள்.

தூணைத் திண்ணையில் நேராகப் பதிக்காமல், ஒரு சாண் சதுரக் கருங்கல் துண்டின் மேல் நிறுத்தி, நடுவில் ஒரு முளைக்கம்பியால் பிடிக்க வையுங்கள். மரம் ஈரத்தைத் தொடக்கூடாது. மேலே உள்ள சட்டங்களுக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் அடித்தால் கரையான் அண்டாது. அந்த எண்ணெய் தோலைப் பொத்துவிடும், கையுறை இல்லாமல் தொடாதீர்கள். நன்றாகக் காய்ந்து வாடை போகும்வரை கோழியை விடவும் வேண்டாம். கடைசல் வேலைப்பாடு, செதுக்கல் எல்லாம் வெளிப்பக்கம் மட்டும். உள்ளே வழவழப்பான மரம்தான், காரணம் அதே உண்ணி.

சுண்ணாம்பும் காவியும்

மெட்ராஸ் சுண்ணாம்புப் பூச்சு ஒரு காலத்தில் பளிங்கோ என்று பார்ப்பவர் மயங்கும் அளவுக்குப் பேர் பெற்றது. கடல் கிளிஞ்சலைச் சுட்ட சுண்ணாம்பு, கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கருவும் தயிரும் நெய்யும் சேர்த்து, வழவழப்பான கல்லால் மணிக்கணக்கில் தேய்ப்பார்கள். திண்ணையின் முகப்பில் ஒரு முழ அகலத்துக்கு நான் முயன்று பார்த்தேன். பளிங்கு வரவில்லை, முட்டை வாடைதான் மூன்று நாள் இருந்தது. கை பழகிய கொத்தனார் கிடைத்தால் மட்டும் இறங்குங்கள்.

மற்ற சுவருக்கெல்லாம் வெள்ளையடிப்பதே போதும், கோழிக்கும் அதுதான் நல்லது. சந்துகளில் இறங்கி உண்ணியையும் கிருமியையும் குறைக்கும். சுட்ட கிளிஞ்சலை இரும்பு அல்லது மண் தொட்டியில் தண்ணீர் வைத்து அதில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள். மறுநாள் துணியில் வடிகட்டி, கஞ்சியும் ஒரு பிடி உப்பும், துளி நீலமும் கலந்து, சுவரை நனைத்துவிட்டு மெல்லிசாக மூன்று பூச்சு. தடியாக அடித்தால் உரியும். நன்றாகக் காயும்வரை கோழி கிட்டே வரக்கூடாது. ஆண்டுக்கு ஒருமுறை பொங்கலுக்கு முன் திரும்ப அடித்துவிடுங்கள்.

காவியை அளவோடு பயன்படுத்துங்கள். திண்ணை விளிம்பிலும் நிலையைச் சுற்றியும் நாலு அங்குலப் பட்டை போதும். வெள்ளையும் காவியுமாகச் சுவர் முழுக்கப் பட்டை அடித்தால் கோயில் மதில் மாதிரி ஆகிவிடும், வீட்டுக்கு அது பொருந்தாது.

கோலம்? பச்சரிசி மாவில் திண்ணை ஓரம் புள்ளி வைத்து என் மகள் கோலம் போட்டாள். அவள் எழுந்து நிற்பதற்குள் ஒரு மூலை காணாமல் போயிருந்தது. கடையில் விற்கும் கோலப்பொடி கல்மாவு, அதைக் கொத்துவது நல்லதில்லை. இப்போது சுண்ணாம்பைக் குழைத்துத் தூரிகையால் வரைந்த கோலம்தான் நிற்கிறது.

முற்றம்

சுற்றிலும் ஆறடி உயரத்துக்கு மெஷ், மேலேயும் மெஷ். பருந்துக்கும் காக்கைக்கும் அது அவசியம். கீரியும் பெருச்சாளியும் தோண்டாமல் இருக்க, வேலியின் அடியில் மெஷ்ஷை வெளிப்பக்கம் ஒன்றரை அடி மடித்துப் படுக்கவைத்து மண்ணைப் போட்டு மூடுங்கள். ஒரு மூலையில் மணலும் அடுப்புச் சாம்பலும் கலந்த குழி, புரண்டு குளிக்க. நிழலுக்குக் கொய்யா மரம் இருந்தது, இல்லாவிட்டால் முருங்கை வையுங்கள், கீரை கோழிக்கும் ஆகும்.

மண் தொட்டியில் தண்ணீர். ஒரு சட்டியில் நொறுக்கிய கிளிஞ்சல் எப்போதும் இருக்கட்டும். சுவருக்குச் சுண்ணாம்பு கொடுத்த அதே கிளிஞ்சல்தான் முட்டைத் தோட்டுக்கும் சுண்ணாம்பு கொடுக்கிறது.

குடியேற்றம்

நாலைந்து மாதப் பெட்டைகளாக வாங்குங்கள். சிறுவிடை என்கிற நாட்டுக்கோழி நம் ஊர் வெயிலைத் தாங்கும், முட்டை குறைவு. முட்டை கூடுதலாக வேண்டுமானால் சென்னைக் கால்நடைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய நந்தனம் கோழியை விசாரியுங்கள், பெயரே நம் பேட்டையின் பெயர். வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி போட்டாயிற்றா என்று கேட்டு வாங்குங்கள். அந்த நோய் ஒரு கோழிக்கு வந்தால் மொத்தக் கூட்டையும் வாரிக்கொண்டு போய்விடும். அம்மைத் தடுப்பூசிக்கும் கால்நடை மருத்துவமனையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

உமியை வாரம் இருமுறை கிளறிவிடுங்கள். உள்ளே குனிந்ததும் மூக்கைச் சுருக்கென்று அடித்தால் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். அந்த இடத்தை அள்ளிப் போட்டுவிட்டுப் புது உமி போடுங்கள். மழைக்காலத்தில் வடக்குக் கிராதிக்கு ஒரு தார்ப்பாய்த் திரை சுருட்டிக் கட்டி வைத்திருங்கள், சாரல் அடிக்கும்போது மட்டும் இறக்கிவிடலாம், மேலே ஒரு சாண் காற்றுக்கு விட்டு.

புதுக் கோழிகளை ஒரு வாரம் வெளியே விடாமல் அறையிலேயே வைத்திருந்தால்தான் இது நம் வீடு என்று பழகும். எட்டாம் நாள் சின்ன வாசலைத் திறந்தேன். ஒன்று தலையை நீட்டி, திண்ணையில் இறங்கி, தூணுக்கு அடியிலிருந்த கருங்கல்லை இரண்டு கொத்துக் கொத்திப் பார்த்துவிட்டு, முற்றத்துக்குக் குதித்தது. மற்றவை பின்னாலேயே. சாயங்காலம் ஆறு மணிக்கு ஐந்து தானாகவே ஏறி உள்ளே போய்விட்டன. ஆறாவதை மட்டும் டார்ச் அடித்துக் கொய்யா மரத்திலிருந்து இறக்க வேண்டியிருந்தது.